புஹாரி நானாட பிளேன்

மாத்தளை டவுனில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், ரேடியோ திருத்துகிற புஹாரி சொந்தக் கையால் ஒரு பிளேன் செய்து ஆகாயத்தில் விட்டவர் என்று. இதில் பாதிதான் உண்மை. விட்டது அவர்தான். செய்தது அவர் மனைவி ஸக்கியா. அதை அந்த நாட்களில் அவளும் யாரிடமும் சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை, ஆகவே ஊருக்குத் தெரிய நியாயமில்லை.

சீகிரியாவைப் படம் பிடிக்க வந்த ஒரு வெள்ளைக்காரன் படியில் கமராவைத் தவறவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு திருத்த ஆள் தேடி மாத்தளைக்கு வந்தான். புஹாரி திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். போகிற வழிக்குச் சுமை எதற்கென்று அவன் அந்த உடைசலை அவரிடமே விட்டுப் போனான். அதன் வயிற்றுக்குள் ஒரு குட்டி மோட்டரும், திரும்பத் திரும்பக் கரண்ட் ஏற்றக்கூடிய பெட்டரிகளும் நல்ல நிலையில் இருந்தன. எழுபத்துநாலாம் ஆண்டு அது. வெளிநாட்டிலிருந்து ஒரு ஆணி வருவதென்றாலும் ஆயிரம் தடை. கிடைத்ததைக் கண்டு புஹாரிக்குத் தலைகால் புரியவில்லை.

ரேடியோ வேலை அவருடையது, அதில் பேச்சில்லை. பழைய டிரான்சிஸ்டர்களைப் பிரித்து இரண்டு சாமான் செய்தார். ஒன்று பிளேனின் வயிற்றுக்குள் போகிறது. மற்றது கையில் பிடிக்கிற பெட்டி, நீளமான ஏரியலும் ஒரே ஒரு பொத்தானும் உள்ளது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் வால் அசைந்து பிளேன் வலப்பக்கம் திரும்பும். விட்டு உடனே மறுபடி அழுத்தினால் இடப்பக்கம். கையை எடுத்துவிட்டால் நேரே போகும். மேலே போ, கீழே வா என்பதெல்லாம் கிடையாது. பெட்டரி இருக்கும்வரை பறக்கும், தீர்ந்ததும் தானாக மிதந்து வந்து தரையைத் தொடும்.

ஆனால் ஆகாயத்தில் நிற்கப்போவது ரேடியோ இல்லையே. அதைத் தூக்கிப் பிடிக்க இறக்கை வேண்டும். புஹாரி செய்த முதல் இறக்கையைப் பார்த்து ஸக்கியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பலா மரப் பலகையில் செய்திருந்தார், பாரத்தில் மாவு பிசைகிற பலகையும் தோற்றது. பிறகு அவளே உட்கார்ந்தாள். இலவ மரத்தைக் கீறி மெல்லிய சட்டங்கள் எடுத்தாள், மூங்கிலைச் சீவி விளிம்பு வளைத்தாள், வெசாக் விளக்குக் கூட்டுக்கு ஒட்டுகிற கடதாசியை மேலே போர்த்தினாள். கலியாண உடுப்பு தைக்கிறவளுக்குத் துணி எங்கே சுருங்கும், எங்கே இழுக்கும் என்று தெரியும், கடதாசியும் அவளுக்கு அப்படித்தான். கடைசியில் தளபாடக்காரர்கள் பூசுகிற பிரெஞ்ச் பொலிஷை மெல்லிதாகத் தடவி, கடதாசியை மேளத் தோல்போல இறுக்கினாள்.

நாவுலப் பக்கம் அறுவடை முடிந்த வயலுக்குப் புஹாரி அதை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது சாக்கில் போட்டுக்கொண்டு வந்தார்.

"காத்து புள்ள, பொல்லாத காத்து" என்றார்.

காற்றின் மேல் பழி போட்டால் காற்று வந்து மறுக்கவா போகிறது? உடைந்த துண்டுகளைத் தரையில் பரப்பி, எது முதலில் தரையைத் தொட்டது என்று ஸக்கியா பார்த்தாள். மூக்கு நசுங்கவில்லை, வால்தான் நொறுங்கியிருந்தது. பின்பாரம் என்று புரிந்துகொண்டு மூக்கில் ஈயக் கட்டி வைத்தாள். இரண்டாம் முறை ஒரு இறக்கை நுனி குத்தி உடைந்து வந்தது. அடுத்ததில் நுனிகள் இரண்டையும் பின்னால் கொஞ்சம் மேலே திருகி வைத்தாள். மூன்றாம் முறை புஹாரி முழுப் பிளேனோடு வாசலில் நின்றார், கண்ணெல்லாம் தண்ணீர்.

"பறந்திச்சு ஸக்கியா! ஆலமரத்தச் சுத்தி ஒரு வட்டம் போட்டுட்டு, நான் விட்ட எடத்துக்கே வந்திச்சு!"

அவள் சந்தோஷப்பட்டாள். அது உண்மையான சந்தோஷம். ஆனால் அதைக் கண்ணால் பார்க்கவில்லையே என்பது சோற்றில் கடிபட்ட கல்லாக இருந்தது. ஆம்பிளைகள் கூடி நிற்கிற வயலில் அவள் எப்படிப் போய் நிற்பது?

அதைவிடப் பெரிய கல் ஒன்று வந்தது. பிளேனைப் பார்க்க வந்த கூட்டாளிகளுக்குத் திரைக்குப் பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "எறக்க யாரு செஞ்சது நானா?" என்று ஒருவர் கேட்டார். "வேற யாரு, நான்தான்" என்றார் புஹாரி, ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

அன்று சோறு போடும்போது கேட்டாள். "ஸக்கியா செஞ்சதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

அவர் சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவனாக இருந்தால் சண்டை பிடித்திருப்பாள். "சொன்னா யாரு நம்புவா? ஒன்னட, என்னடன்னு நமக்குள்ள என்ன? வார அறுப்புக்கு ஒன்னையும் கூட்டிட்டுப் போறேன். பொத்தானையும் ஒன் கையில தாறேன்."

அடுத்த அறுவடைக்கு முன்னால் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் மவுத்தாகிப் போனார்.

ஸக்கியா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள். வெள்ளை உடுப்பு, வெளியில் இறங்குவதில்லை, அந்நிய ஆண் முகம் பார்ப்பதில்லை, குரலும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அந்தத் தெருவின் வழக்கம். ஜன்னல்களுக்குப் படுக்கை விரிப்பைக் கட்டினார்கள். காவலுக்குப் புஹாரியின் அக்கா ஸைனம்பு யட்டவத்தையிலிருந்து வெற்றிலைப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். புஹாரியின் தம்பி மர்சூக், மைனி காற்று வாங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், மிளகு காய வைக்கிற மேல்தட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்துக் கொடுத்தான். அதில் போய் நின்றால் நாலு பக்கமும் தகரம், தலைக்கு மேலே மேசை விரிப்பளவு வானம். வெயிலில் தகரம் காய்ந்து அடுப்பாகும். வாங்குவதற்குக் காற்றுதான் இல்லை.

அழுகை வருகிறபோது அழுதாள். புஹாரி இருமுகிற சத்தம் கேட்பது போலிருக்கும், திரும்பிப் பார்ப்பாள். அழுகை வராத நேரங்களில் கோபம் வரும். மவுத்தான புருஷன் மேல் கோபப்படுகிறோமே என்று பயந்து தௌபா செய்து மன்னிப்புக் கேட்பாள். கேட்டு முடித்ததும் மறுபடியும் கோபம் வரும். "வேற யாரு, நான்தான்" என்ற அந்தச் சொல் அந்த வீட்டில் அவளோடு குடியிருந்தது.

ஒரு நாள் காலையில் மர்சூக் வந்து திரைக்கு அப்பால் உட்கார்ந்தான். நடுவில் ஸைனம்பு.

"ராத்தா, மைனிக்கிட்ட சொல்லுங்க. வாலிபர் சங்கத்துல கண்ணாடிப் பொட்டி செஞ்சாச்சு. நானாட பிளேன அதுல வைக்கப் போறோம். 'மர்ஹூம் புஹாரி அவர்களின் கைவேலை'ன்னு பலகையும் எழுதியாச்சு. இன்னைக்கு பின்னேரம் அஸர் தொழுதுட்டு நாங்க எல்லாரும் வந்து ஊர்வலமா எடுத்துட்டுப் போறோம். பூட்டிட்டா பொறகு யாரும் தொடமாட்டாங்க. அப்படியே காலத்துக்கும் இருக்கும்."

"கேட்டியா புள்ள?" என்றாள் ஸைனம்பு. தம்பிக்கு இப்படி ஒரு மரியாதையா என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஸக்கியா கேட்டாள். மயிர்க்கால்கள் வரை கேட்டாள். அவள் சீவிய மூங்கிலும் திருகிய நுனியும் வேறொரு பேரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு கண்ணாடிக்குள் இத்தா இருக்கப் போகின்றன. அவளுக்காவது ஒரு கணக்கு உண்டு, முடிந்தால் வெளியே வரலாம். பிளேனுக்கு அதுவும் இல்லை. இன்றைக்கு அஸர் வரைக்கும்தான் அது அவளுடையது. அது பறப்பதை அவள் பார்க்க வேண்டுமென்றால் இன்றைக்குத்தான். அது தன்னுடையது என்று ஒரு உயிராவது அறிய வேண்டுமென்றால் அதுவும் இன்றைக்குத்தான்.

"சரின்னு சொல்லுங்க ராத்தா" என்றாள் மெதுவாக.

மர்சூக் போனதும் பெட்டரியைக் கரண்டில் போட்டாள்.

மத்தியான லுஹர் தொழுது, சோறு தின்று, வெற்றிலை போட்ட ஸைனம்பு வழக்கம்போலக் குறட்டையில் இறங்கினாள். பெட்டரி நிறையும்வரை காத்திருந்து, அஸருக்குக் கொஞ்சம் முன்னால் ஸக்கியா கட்டிலுக்கு அடியிலிருந்து பிளேனின் உடம்பை ஒரு தரம், இறக்கையை ஒரு தரம், பொத்தான் பெட்டியை ஒரு தரமென்று மேல்தட்டுக்குக் கொண்டு போனாள். இறக்கையை ரப்பர் பட்டியால் கட்டினாள். இரண்டு விரலை அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள், பிளேன் மூக்கைத் துளி தாழ்த்தி அசையாமல் நின்றது. பொத்தானை அழுத்தினாள், வால் 'டக்'கென்று திரும்பியது. அவள் நெஞ்சும் திரும்பியது.

தகரத்தைத் தாண்டி விடுவதற்கு மிளகுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். அப்போதுதான் ஒரு விஷயம் புத்தியில் தட்டியது. போவதற்கு வழி உண்டு, வருவதற்கு இல்லை. இவ்வளவு சின்ன இடத்தில் அது எப்படி வந்து இறங்கும்? விட்டால் விட்டதுதான். வெளியில் எங்கேயோ விழும், அதைப் போய் எடுக்க அவளால் ஏலாது.

விடாவிட்டால் மட்டும் என்ன வாழ்கிறது என்று நினைத்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி, மோட்டரைப் போட்டு, தகரத்துக்கு மேலாக ஓங்கித் தள்ளினாள்.

பிளேன் தகரத்துக்கு அப்பால் விழுந்து மறைந்தது. மோட்டர் சத்தம் கீழே கீழே போனது. போச்சு, என்று வாய்விட்டுச் சொன்னாள். தெருவில் யார் தலையிலாவது விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் மேலே வந்தது.

கண்ணைத் திறந்தபோது அவளுடைய மேசை விரிப்பு வானத்தின் ஒரு மூலையிலிருந்து அது நுழைந்துகொண்டிருந்தது. வெயில் கடதாசிக்குள் புகுந்து சட்டங்கள் ஒவ்வொன்றும் வெளியே தெரிந்தன. எந்தச் சட்டத்தை எந்த நாள் ஒட்டினோம் என்றுகூட அவளால் சொல்ல முடிந்திருக்கும். எவ்வளவு லேசாக நிற்கிறது! "யா அல்லாஹ், நான் செஞ்சது" என்று சொல்லிச் சிரித்தாள். இத்தாவில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சிரித்து முடிப்பதற்குள் அது வானத்தின் மறு விளிம்புக்குப் போய்விட்டது. பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள். அது வலப்பக்கம் சாய்ந்து திரும்பி வந்தது. விரலை எடுத்தால் நேரே போய் மறைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாததைத் திருப்ப ஏலாது. ஆகவே எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்க இருக்க அது அந்தச் சின்ன வானத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது, செக்கு மாடு மாதிரி. மாத்தளை முழுவதற்கும் மேலே ஆகாயம் கிடக்க, அவள் பிளேனுக்குக் கிடைத்தது மிளகு காய்கிற தட்டின் அளவு. அதைக் கண்டு அவளுக்கு அழுகை முட்டியது.

அதற்குள் பள்ளிவாசலில் அஸர் முடிந்து ஜமாஅத் வெளியே வந்திருந்தது. ஊர்வலத்துக்கு வந்த வாலிபர் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குக் கீழே கூடியிருந்தார்கள். முதலில் ஒரு குரல் கேட்டது.

"அந்தா பாருங்க, மேல! புஹாரி நானாட பிளேன்!"

"யாரு விடுறது?"

"வீட்டுல ஆம்புளைங்க யாரும் இல்லயே. மர்சூக்கும் இங்கதானே நிக்கிறான்."

பிறகு ஒரு வயதான குரல் சொன்னது: "மனுசன் எப்படி ஆசையா செஞ்சாரு. நாம எடுத்துட்டுப் போக வந்திருக்கோம்னு ரூஹு வந்து பறக்க விடுதோ என்னவோ."

"அல்லாஹு அக்பர்!" என்றார் இன்னொருவர். இன்னும் பலர் சொன்னார்கள். மர்சூக் விம்மி அழுகிற சத்தம் தகரத்தைத் தாண்டி வந்தது. "எங்க நானா செஞ்சது! பாருங்க, எங்க நானா செஞ்சது!"

ஸக்கியாவின் காது எரிந்தது. உயிரோடு இருந்தபோதுதான் பேரைக் கொடுக்கவில்லை, போன பிறகும் ரூஹு என்று ஆவியாக வந்தா எடுத்துக்கொள்ள வேண்டும்? ரூஹுக்குப் பெருவிரல் உண்டா? இங்கே அழுத்தி அழுத்தி வலிக்கிறது அவளுடைய விரல் அல்லவா?

மூச்சிரைக்கப் படியேறி வந்த ஸைனம்பு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "என்ன வேல புள்ள இது! எறக்கு அத! தெரு நெறய ஆம்புளைங்க!"

"ராத்தா, இத நான்தான் செஞ்சேன்."

"மெதுவா பேசு. கேட்டுறப் போகுது."

கேட்கட்டும் என்று ஸக்கியா முடிவு செய்தது அந்த இடத்தில்தான். தகரத்தோடு ஒட்டி நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"ரூஹும் இல்ல, ஒண்ணும் இல்ல! நான் ஸக்கியா பேசுறேன்! எறக்க நான் செஞ்சது! இப்ப பறக்க விடுறதும் நான்தான்! நம்பாட்டி மேல பாருங்க. இப்ப எடப்பக்கம் திரும்பும்!"

விரலை எடுத்து உடனே மறுபடி அழுத்தினாள். பிளேன் ஒரு கணம் தயங்கி, மறு இறக்கையைத் தாழ்த்தி, இடப்பக்கம் திரும்பியது.

"இப்ப வலப்பக்கம்!"

வலப்பக்கம் திரும்பியது.

"மறுபடி எடம்! பாத்தீங்களா? வலம்! பாத்தீங்களா?"

அவள் சொல்கிற திசைக்கெல்லாம் அது வந்தது. புஹாரி விட்டபோதுகூட அது இவ்வளவு சொல் கேட்டிருக்காது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அல்லாஹு அக்பர் என்ற தக்பீர் நின்றுவிட்டது, அழுகை நின்றுவிட்டது. வாயடைத்துப் போனார்கள் என்று ஸக்கியா நினைத்தாள். மோட்டர் சத்தம் தளர ஆரம்பித்தது, பெட்டரி இறங்குகிறது. இனி இங்கே வைத்திருந்தால் ஏதாவது கூரையில் மோதித்தான் சாகும்.

"இப்ப நேர போகும்!" என்று கத்திவிட்டு விரலை எடுத்தாள். பிளேன் சுற்றுவதை விட்டு, தகர விளிம்பைத் தாண்டி, மலைப் பக்கமாகப் போய் மறைந்தது. கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"ராத்தா, அந்த ஆணி ஓட்டையால பாருங்க. என்ன செய்றாங்க எல்லாரும்? பிளேன் எந்தப் பக்கம் போச்சு?"

ஸைனம்பு தகரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எல்லாரும் தலையக் குனிஞ்சுட்டு நிக்கிறாங்க புள்ள."

"ஏன்?"

"ஏன்னா கேக்குற? இத்தாவுல இருக்கிற பொம்புளட கொரல் கேட்டிச்சு. நல்ல குடும்பத்து ஆம்புள தலையக் குனியாம என்ன செய்வான்? ஒன் சத்தம் கேட்ட நேரமே குனிஞ்சிருப்பாங்க. ரெண்டு மூணு பேரு காதையும் பொத்திட்டு நிக்கிறாங்க."

"அப்ப மேல பாக்கலையா?"

"ஒருத்தனும் பாக்கல்ல."

இடம் என்றதற்கு இடம் போனதும், வலம் என்றதற்கு வலம் வந்ததும், அந்தத் தெருவில் ஒரு கண்ணும் காணவில்லை. மரியாதை கொடுத்தார்கள். அவளுக்குக் கொடுக்க வேண்டிய அத்தனை மரியாதையையும் தரையைப் பார்த்துக் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஸக்கியா கவிழ்த்த பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

கீழே மெல்லப் பேச்சு தொடங்கியது. "பாவம் அந்தப் புள்ள, புத்தி தடுமாறிட்டு." "இருக்காதா, எப்படிப்பட்ட புருசன்."

"நீங்க பாத்தீங்கதானே ராத்தா?" என்றாள் ஸக்கியா.

"பாத்தேன். நீ சொன்ன பக்கமெல்லாம் திரும்பிச்சு."

"அப்ப கீழ போய் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்க அவங்கட கூடப்பொறந்தவ."

ஸைனம்புவின் முகம் சுருங்கி, வெற்றிலைச் சிவப்பான வாய் கோணியது. "மவுத்தாப் போனவன்ட பேர என் வாயாலயா பறிக்கச் சொல்ற? புள்ள குட்டிகூட இல்லாமப் போனவன். இந்த ஒண்ணுதானே புள்ள அவனுக்கு மிச்சம்."

எனக்கு எது மிச்சம் என்று ஸக்கியா கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் அழுதார்கள், தனித்தனியாக அழுதார்கள்.

கொஞ்ச நேரத்தில் கீழே திரைக்கு அப்பால் மர்சூக்கின் குரல் கேட்டது. இரண்டு பெண்களும் இறங்கிப் போனார்கள். பிளேன் மிளகுத் தோட்டத்துக்குள் ஒரு கொடியில் தங்கியிருந்ததாம். கடதாசிகூடக் கிழியவில்லையாம். "எங்க நானா கட்டின கட்டு அப்படி" என்றான். மைனி கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பேசாமல் விடுவது அவளுக்குச் செய்கிற உபகாரம் என்று நினைத்தான். பிறகு சொன்னான்: "ராத்தா, அந்த பொத்தான் பொட்டியயும் தரச் சொல்லுங்க. ரெண்டையும் ஒண்ணா வச்சிப் பூட்டணும்."

ஸைனம்பு திரும்பிப் பார்த்தாள். ஸக்கியா பெட்டியை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். தரமாட்டேன் என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கத்திய தொண்டை அடைத்துப் போயிருந்தது.

ஸைனம்பு அவளையே பார்த்துக்கொண்டு, திரைப் பக்கம் குரலை உயர்த்தினாள்.

"அப்படி ஒரு பொட்டி இந்த வீட்டுல இல்லயாம் மர்சூக். பிளேன மட்டும் எடுத்துட்டுப் போ."

"இல்லாம எப்படி ராத்தா? அது இல்லாம எப்படிப் பறந்திச்சு?"

"எனக்கென்ன தெரியும்? ரூஹு விட்டதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவன் போய்விட்டான். தெருவில் ஊர்வலத்தார் ஸலவாத்து ஓதுகிற சத்தம் எழுந்து, தூரமாகிக்கொண்டே போனது. ஸைனம்பு பிடித்திருந்த திரையை விட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"அல்லாஹ் மன்னிக்கட்டும், இந்த வயசுல பொய் சொல்ல வச்சிட்டே" என்றாள். "இப்ப சொல்லு, எந்தப் பக்கம் அழுத்தினா எந்தப் பக்கம் திரும்பும்?"

ஸக்கியாவால் பேச முடியவில்லை. பெட்டியை ஸைனம்புவின் மடியில் வைத்து, அவளுடைய பெருவிரலைப் பிடித்துப் பொத்தானின்மேல் வைத்தாள்.